லைசென்ஸ் என்னிடம், கார்டு அவரிடம்

எங்கள் வீட்டில் வண்டி ஓட்டுகிறவள் நான். என் கணவருக்குச் சின்ன வயதில் களத்தில் நெல் அடிக்கும்போது தாள் குத்தி வலது கண்ணில் பூ விழுந்துவிட்டது. சைக்கிள் ஓட்டுவார், அதுவும் பகலில், தெரிந்த தெருவில் மட்டும். உத்திரமேரூரில் எங்களுக்கு மாட்டுத் தீவனக் கடை. நான் கல்யாணமாகி வந்த புதிதில் டிரைவர் வைத்திருந்தார்கள். அவன் வராத நாளெல்லாம் கடை பாதி மூடின மாதிரி இருக்கும். பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய் நானே கற்றுக்கொண்டேன். இப்போது குட்டியானை என்கிற சின்ன லாரியில் தவிடும் புண்ணாக்கும் ஏற்றிக்கொண்டு தென்னேரி வரை போய் இறக்கிவிட்டு வருவேன். ஏரிக்கரை மேல் எதிரே டிராக்டர் வந்தால், ஒதுங்க இடமில்லாவிட்டால், நான்தான் பின்னாலேயே எடுத்துக்கொண்டு போய் வழி விடுவேன். ஊரில் முதலில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் எல்லாம் இப்போது கை காட்டி லிப்ட் கேட்கிறார்கள்.

மலேசியாவுக்குப் போகிறோம் என்றபோது, அங்கே கார் எடுத்து நான் ஓட்டுவது என்று ஆனதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. எனக்கும் இல்லை. ஆசைதான் இருந்தது. பள்ளம் மேடு இல்லாத ரோட்டில், பின்னால் மூட்டை இல்லாமல், வீட்டு மனுஷர்களை உட்கார வைத்து ஒரு நாளாவது ஓட்ட வேண்டும் என்று இருந்தது.

போனது ஒரு கல்யாணத்துக்கு. என் மாமனாரின் தம்பி வாலிபத்தில் ஓட்டல் வேலைக்கு அங்கே போனவர், அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார். கொரோனா நேரத்தில் இறந்துபோனார். அப்போது விமானமே இல்லை. தம்பியின் முகத்தை மாமனார் போனில்தான் பார்த்தார். அதுவும் பாதியில் லைன் கட்டாகிவிட்டது. அந்தத் தம்பியின் கடைசி மகளுக்குத்தான் இப்போது கல்யாணம். அப்பன் இடத்தில் நின்று தாரை வார்த்துத் தர வேண்டியது பெரியப்பாதான் என்று அவர் மனைவி, என் கணவரின் சித்தி, போன் செய்து அழுதார். மாமனார் அன்றைக்கே பாஸ்போர்ட் எடுக்கக் கிளம்பிவிட்டார்.

சித்தி வீடு கோலாலம்பூரிலிருந்து வடக்கே வெகு தூரம், ஈப்போவையும் தாண்டி ஒரு சின்ன ஊர். விமான நிலையத்துக்கு ஆள் அனுப்புகிறேன் என்றார். என் கணவர் போனை வாங்கினார்.

"வாணாம் சித்தி. நீங்க கல்யாண வேலையப் பாருங்க. நாங்க அங்கயே காரு எடுத்துக்கினு வந்துர்றோம். இவ ஓட்டுவா."

"புது ஊருப்பா. ரோடு தெரியாது."

"போன்ல வழி காட்டுது சித்தி. நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க."

பக்கத்தில் நின்ற எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

காரை புக் செய்தவள் எங்கள் மகள். பெங்களூரில் வேலை, லீவு கிடைக்காததால் அவள் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் கிரெடிட் கார்டு நம்பரைக் கேட்டு வாங்கிப் போட்டாள். "ம்மா, பெரிய வண்டி. ஆட்டோமேட்டிக். கிளட்ச்சே கிடையாது, நீ ஜாலியா ஓட்டலாம்" என்றாள். காஞ்சிபுரம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய் வெளிநாட்டில் ஓட்டுவதற்கான பர்மிட் வாங்கினேன். "சாருக்காம்மா?" என்று கேட்டார் அங்கிருந்தவர். "எனக்கு" என்றேன். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையைப் பார்த்தார். சாம்பல் நிற அட்டை போட்ட சின்னப் புத்தகம் வந்தது. உள்ளே என் போட்டோ. அதை மூன்று தடவையாவது கைப்பையிலிருந்து எடுத்துப் பார்த்திருப்பேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் இறங்கினோம். அன்றைக்கே கிளம்பினால் பொழுதோடு போய்ச் சேர்ந்து நலங்குக்கு நிற்கலாம் என்பது கணக்கு. கார் வாடகைக் கவுன்ட்டர்கள் வரிசையாக இருந்தன. எங்கள் கவுன்ட்டரில் தலையில் முக்காடு அணிந்த ஒரு பெண், நல்ல சிரித்த முகம். மாமனாரையும் மாமியாரையும் பெட்டிகளோடு எதிரே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நானும் அவரும் போய் நின்றோம்.

புக்கிங்கைப் பார்த்தாள். அவர் பாஸ்போர்ட்டைப் பார்த்தாள். "உங்க லைசென்ஸ், சார்" என்றாள் இங்கிலீஷில்.

நான் என் லைசென்ஸையும் பர்மிட்டையும் எடுத்து வைத்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு மறுபடி அவரைப் பார்த்தாள்.

"இது மேடத்துது. உங்களுது வேணும் சார்."

"ஷி டிரைவ், மேடம்" என்றார் அவர். "ஐ நோ டிரைவ். ஷி டிரைவ். மெனி மெனி இயர்ஸ்."

"புரியுது சார். ஆனா புக்கிங்ல மெயின் டிரைவர் நீங்க. கார்டும் உங்க பேர்ல இருக்கு. மெயின் டிரைவருக்கு லைசென்ஸ் இருக்கணும்."

"அப்ப என் பேருக்கு மாத்துங்க" என்றேன் நான்.

"மாத்தலாம் மேடம். உங்க கிரெடிட் கார்டு?"

என்னிடம் இருந்தது கடைக் கணக்கில் பணம் எடுக்கிற பேங்க் கார்டு. அதை நீட்டினேன். தலையாட்டினாள். அது ஆகாதாம். கிரெடிட் கார்டுதான் வேண்டுமாம், அதுவும் ஓட்டுகிறவர் பேரிலேயே இருக்க வேண்டுமாம். வண்டிக்கு ஏதாவது ஆனால் அதில் பணம் பிடித்துக்கொள்வதற்கு.

"அவர் என் வீட்டுக்காரர். அவர் கார்டும் என் கார்டும் ஒண்ணுதான்" என்றேன்.

"புரியுது மேடம்."

அன்றைக்கு அந்த வார்த்தையை எத்தனை பேர் எங்களிடம் சொன்னார்களோ. எல்லாருக்கும் புரிந்தது. யாருக்கும் வண்டி தரத்தான் முடியவில்லை.

மகளுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். 'மீட்டிங்' என்று ஒரு வார்த்தை மெசேஜ் வந்தது. எங்களுக்குப் பின்னால் நின்ற வெள்ளைக்காரக் குடும்பம் வண்டிச் சாவி வாங்கிக்கொண்டு போனது. என்னைவிடச் சின்னவளாக ஒரு பொம்பளை சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே போனாள். அவள் மேல் எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை.

மாமனார் எழுந்து வந்தார். "இன்னாம்மா, வண்டி கீதா, இல்லியா?"

"இருக்குது மாமா. நமக்குத் தர மாட்றாங்க."

"ஏன்? நம்மகிட்ட லைசென்சு கீதே?"

"கீது. அது என் பேர்ல கீது. கார்டு இவர் பேர்ல கீது."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும்தான நிக்கிறீங்க" என்றார். இதைவிடத் தெளிவாக அந்தக் கவுன்ட்டரில் யாரும் பேசவில்லை.

மற்ற கவுன்ட்டர்களில் கேட்டோம். இரண்டில் அதே பதில். கடைசியில் ஒரு கவுன்ட்டரில் தமிழ் ஆள். "அக்கா, எங்க ரூல்ஸும் அதான்லா" என்று மலேசியத் தமிழில் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, கொஞ்ச தூரத்தில் தனக்குத் தெரிந்த ஒருவர் சொந்தமாகக் கார் வாடகைக்கு விடுகிறார், பேங்க் கார்டு எடுத்துக்கொள்வார் என்றான். சின்ன வண்டி ஒன்று இருக்கும் என்று போன் செய்து கேட்டும் சொன்னான். ரயில் கேட்டுப் பார்த்தோம், பள்ளி விடுமுறையாம், இடமில்லை. பஸ்ஸில் போகலாம் என்றேன். என் கணவர் மாட்டேன் என்றார்.

"கார்ல வர்றோம்னு சொல்லிக்கீறேன். ஊரே பாக்கும். பஸ்ல போயி பொட்டியத் தூக்கிக்கினு எறங்கச் சொல்றியா?"

"அப்ப சித்திக்குப் போன் போடுங்க. ஆள் அனுப்பறேன்னாங்களே."

"இப்பப் போயா? கல்யாணத்த வெச்சிக்கினு? இன்னா நெனப்பாங்க?"

"நாம போய்ச் சேராம போனா இன்னா நெனப்பாங்க?"

அவர் அந்தக் கார்க்காரரிடம் போக டாக்ஸிக்கு வரிசை எங்கே என்று பார்க்கப் போய்விட்டார்.

அந்தக் கார்க்காரரின் ஆபீஸ் ஒரு மெக்கானிக் ஷெட்டுக்கு மாடியில் இருந்தது. நல்ல மனுஷர்தான். டீ வாங்கிக் கொடுத்தார். மாமியாருக்கு மின்விசிறியைத் திருப்பி வைத்தார். என் லைசென்ஸைப் பார்த்து, "ஊர்ல என்ன வண்டிக்கா ஓட்டுறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "லோரியா!" என்று சிரித்தார். வண்டி மட்டும் அங்கே இல்லை. முந்தின வாடிக்கையாளர் கொண்டு வந்துகொண்டிருக்கிறார், இன்னும் அரை மணி நேரத்தில் வந்துவிடும் என்றார்.

அந்த அரை மணி நேரம் அன்றைக்கு முடியவே இல்லை. சாப்பிட்டுவிட்டு வந்தோம், அரை மணி நேரம். மழை வந்து நின்றது, அரை மணி நேரம். ஒவ்வொரு தடவையும் அவர் எங்கள் எதிரிலேயே போன் போட்டு மலாய் மொழியில் சத்தம் போட்டார். போய்விடலாம் என்று எழுந்தால் இதோ வந்துவிடும் என்பார், உட்காருவோம். வராது என்று ஒரேயடியாகச் சொல்லியிருந்தால் மத்தியானமே பஸ் பிடித்திருப்போம். பொழுது சாய்ந்த பிறகுதான், வண்டி மலாக்காவில் நிற்கிறது, காலையில் முதல் வேலையாக வந்துவிடும் என்றார்.

சித்தி போன் செய்தார். "எங்கப்பா இருக்கீங்க? நலங்குக்கு எல்லாரும் வந்தாச்சு."

"அப்பாவுக்குக் கொஞ்சம் களைப்பா கீது சித்தி. இங்க ரூம் போட்டுத் தங்கிட்டுக் காத்தால கிளம்பி வந்துர்றோம்" என்றார் என் கணவர்.

மாமனார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கா களைப்பு?" என்று மட்டும் கேட்டார்.

விடிந்தும் விடியாமலும் போய் நின்றோம். வண்டி வந்திருந்தது. சின்ன வண்டி. பெட்டி ஒன்று பின்னால் போனது, இன்னொன்றை மாமியாருக்கும் மாமனாருக்கும் நடுவில் வைத்தோம். பெண்ணுக்கு எடுத்த பட்டுப்புடவைப் பையை மாமியார் மடியில் வைத்துக்கொண்டார். வண்டிக்குள் சிகரெட் நாற்றம். "பேஜாரா கீதுடி இது" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

நான் உட்கார்ந்தேன். அங்கேயும் நம் ஊர் மாதிரி இடது பக்கம்தான் போக வேண்டும், அதனால் பயமில்லை. ஆனால் என் இடது காலுக்கு விஷயம் தெரியவில்லை. முதல் சிக்னலில் பழக்கத்தில் கிளட்ச்சை மிதிப்பதாக நினைத்து பிரேக்கை முழுசாக மிதித்துவிட்டேன். வண்டி அடித்துப் போட்ட மாதிரி நின்றது. பெட்டி முன்னால் சரிந்து என் கணவரின் பின்மண்டையில் இடித்தது. பின்னால் ஹாரன்.

"பாத்து ஓட்டு" என்றார்.

நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அங்கேயே இறங்கி நடந்திருப்பேன். இடது காலை இருக்கைக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டு ஓட்டினேன்.

அதற்கப்புறம் டோல்கேட். ரூபாயை மாற்றிச் சில்லறையாகக் கையில் வைத்திருந்தேன், பெருமையாக. கிட்டே போனால் ஆளே இல்லை. கார்டைக் காட்டினால் கம்பி தூக்கும் மெஷின். அதற்கென்று தனிக் கார்டு. கார்க்காரர் கண்ணாடிக்குக் கீழே ஒன்று வைத்திருந்தார், அதைக் காட்டினேன், சிவப்பு விளக்கு எரிந்தது. அதில் காசு இல்லை. மறுபடி காட்டினேன். மறுபடி சிவப்பு. பேங்க் கார்டைக் காட்டினேன். அதற்கும் சிவப்பு. என் கணவர் தன் கிரெடிட் கார்டை எட்டி நீட்டினார்.

"அத்த உள்ள வைங்க" என்று கத்தினேன். இருபத்தைந்து வருஷத்தில் நான் அவரிடம் அப்படிக் கத்தியதில்லை. மாமியார் மூக்கிலிருந்த முந்தானையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. பின்வாங்கவும் வழியில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பின்னால் நின்ற லாரியிலிருந்து மலாய்க்காரர் ஒருவர் இறங்கி வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என் ஜன்னல் வழியாகக் காலிக் கார்டைப் பார்த்தார், தலையை ஆட்டினார், தன் கார்டை எடுத்து மெஷினில் வைத்தார். கம்பி தூக்கியது. கையிலிருந்த நோட்டை நீட்டினேன். வேண்டாம் என்று கையசைத்து, போ போ என்று காட்டினார். அடுத்த பெட்ரோல் பங்கில் நிறுத்தி அந்தக் கார்டில் காசு போட்டோம். அதற்கும் ஒரு வரிசை.

பிறகு ரோடு நன்றாகத்தான் இருந்தது. நான் ஆசைப்பட்ட மாதிரியே, பள்ளமில்லாமல், அகலமாக, இரண்டு பக்கமும் எண்ணெய்ப் பனைத் தோட்டங்கள். ஆனால் நான் ரோட்டைப் பார்த்தேனே தவிர ரசிக்கவில்லை. ஈப்போவுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று போர்டு வரும்போதெல்லாம் மணியைப் பார்த்தேன். ஓரிடத்தில் மழை பிடித்துக்கொண்டது. முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. வேகத்தைக் குறைத்தேன்.

சித்தி கூப்பிட்டார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"எங்கப்பா இருக்கீங்க? ஐயர் கேக்குறாரு."

"வந்துட்டோம் சித்தி. பக்கத்துலதான்" என்றார் என் கணவர்.

ஈப்போவே இன்னும் வரவில்லை. அவர் போனை வைத்ததும் சொன்னேன். "ஏங்க பொய் சொல்றீங்க? அவங்க நம்மள நம்பிக்கினு முகூர்த்தத்த நிறுத்தி வெச்சிருப்பாங்க."

"கொஞ்சம் வேகமா போயேன்."

"மழ கொட்டுது. கண்ணு தெரியல. ரெண்டு பெரியவங்கள வெச்சிக்கினு எவ்ளோ வேகமா போறது?"

"நேத்தே கிளம்பியிருந்தா..."

"நேத்து ஏன் கிளம்பல? யாரால?"

"ரெண்டு பேரும் நிறுத்துங்க" என்று பின்னாலிருந்து மாமனார் குரல் வந்தது. சத்தமாகக்கூட இல்லை. "போன இப்டி குடு."

என் கணவர் கொடுக்கத் தயங்கினார். மாமனார் கையை நீட்டியபடியே இருந்தார். கடைசியில் நம்பரைப் போட்டுக் கொடுத்தார்.

"எம்மா, நான்தான் பேசறேன்" என்றார் மாமனார். "நாங்க நேரத்துக்கு வந்து சேர மாட்டோம். ரொம்ப தூரம் கீது இன்னும். இவன் சொன்னத நம்பாத. நல்ல நேரம் போறதுக்குள்ள கட்டச் சொல்லிடு. உங்க அண்ணன் நின்னு தாரை வாக்கட்டும். இன்னாம்மா? இல்ல இல்ல, என் பேச்சக் கேளு. பொண்ணு அழுதா நான் வந்து சொல்லிக்கறேன். கட்டச் சொல்லு."

போனை முன்னால் நீட்டினார். கண்ணாடியில் பார்த்தேன். அவர் தோளில் கிடந்த புதுத் துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார். தாரை வார்க்கும்போது இடுப்பில் கட்ட என்று காஞ்சிபுரத்தில் வாங்கியது அது. மாமியார் பெட்டிக்கு மேலாகக் கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்தில் இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. வாசலில் சித்தி நின்றிருந்தார். மாமனாரைப் பார்த்ததும் காலில் விழுந்து எழுந்து அழுதார். பிறகு என் கணவரிடம் திரும்பினார்.

"ஒரு போன் போட்டிருந்தா எங்கண்ணன் மவன் வண்டியோட வந்து நின்னிருப்பான்லா. நேத்து பூரா அவன் வீட்டுலதான் சும்மா இருந்தான். ஏம்பா இப்பிடிப் பண்ணுன?"

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்குப் பாவமாக இல்லை. நன்றாகக் கேட்கட்டும் என்றுதான் இருந்தது. ஆனால் நான் வாயைத் திறந்து, 'எனக்கும்தான் ஆசை, காரில் வர' என்று சொல்லவில்லை. எல்லாரும் என்னைச் சுற்றிக்கொண்டு, "நீங்களா அவ்வளவு தூரம் ஓட்டிட்டு வந்தீங்க? அத்தனை மழையில?" என்று ஆச்சரியப்பட்டார்கள். முந்தின நாள் வரை இந்தப் பேச்சுக்குத்தான் ஆசைப்பட்டேன். அப்போது காதில் விழ எரிச்சலாக இருந்தது.

மணப்பெண் மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். அவளைப் போனில் பார்த்திருக்கிறோம், நேரில் பார்த்ததில்லை. மாமனாருக்கு முன்னால் வந்து நின்று, "பெரியப்பா" என்றாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தம்பியின் மூக்கும் நெற்றியும் அப்படியே இருந்தன. மாப்பிள்ளையும் வந்து இருவரும் விழுந்தார்கள். அட்சதை தீர்ந்துவிட்டிருந்தது. யாரோ சமையற்கட்டிலிருந்து கொஞ்சம் அரிசி கொண்டு வந்து கொடுத்தார்கள். போட்டார். அன்றைக்கு அவர் சாப்பிட உட்கார்ந்தார், ஆனால் பாயசம் மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் காலையில் எல்லாரும் அசந்து தூங்கிக்கொண்டிருந்தபோது மாமனார் குளித்து வேட்டி கட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"எம்மா, வண்டி எடுக்கறியா? தம்பி சாம்பலக் கரச்ச எடத்தப் பாக்கணும்."

"இவரையும் எழுப்பட்டுமா?"

"வாணாம். நாம ரெண்டு பேரும் போலாம்."

சித்தியிடம் வழி கேட்டுக்கொண்டு கிளம்பினேன். என் கால் அன்றைக்குச் சொன்னபடி கேட்டது. ஊரைத் தாண்டி, ரப்பர் மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிற ரோடு. அவர் முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தம்பி வேலை செய்த ஓட்டல் வழியில் இருந்தது, இப்போது அது செல்போன் கடை. நிறுத்தட்டுமா என்றேன். "மெதுவா போ, அது போதும்" என்றார். ஆற்றங்கரையில் ஒரு சின்ன மேடையும் நாலு படியும் இருந்தன. தண்ணீர் மழைக்குச் சிவந்து ஓடியது. அவர் படியில் இறங்கி, தண்ணீரைத் தொட்டுத் தலையில் தெளித்துக்கொண்டு, ஏதோ பேசினார். நான் வண்டிக்கிட்டேயே நின்றேன். சத்தம் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. மடித்து வைத்திருந்த அந்தத் துண்டை ஆற்றில் விட்டார்.

திரும்பும்போது, "ஊர்ல செய்யாறு கீதே, அத்த விட இதுல தண்ணி நல்லா போவுது" என்றார். பிறகு, "நீ நல்லா ஓட்டறம்மா" என்றார். மலேசியாவில் நான் ஓட்டியதற்கு ஒரு அர்த்தம் இருந்தது என்றால் அது அந்தக் காலை மட்டும்தான்.

அங்கிருந்த மற்ற நாட்களில் என் கணவரும் நானும் தேவைக்குத்தான் பேசினோம். வழியில் இடது, வலது, டீசல் இல்லை பெட்ரோல், அவ்வளவுதான். வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கார்க்காரர் சுற்றிச் சுற்றி வந்து பின் கதவில் ஒரு கீறலைக் காட்டினார். வாங்கும்போதே இருந்த கீறல். "அண்ணே, இதப் பாருங்கண்ணே" என்று என் கணவரைத்தான் கூப்பிட்டார். என் கணவர் என்னைக் காட்டி, "ஓட்டுனது அவங்க. அவங்ககிட்டப் பேசுங்க" என்றார். நான் பேசினேன். எனக்குள் இருந்ததையெல்லாம் சேர்த்து அந்தக் கீறலுக்காகப் பேசிவிட்டேன் போலிருக்கிறது. கார்க்காரர் பாதியிலேயே, "சரிக்கா, சரிக்கா, விடுங்க" என்று கும்பிட்டுவிட்டார்.

விமானத்தில் என் கணவர், "ஊருக்குப் போனதும் உன் பேர்லயும் ஒரு கார்டு போடணும்" என்றார். போட்டோம். அது வந்து, பீரோவில் இருக்கிறது. எங்கே போகப் போகிறோம்.

கல்யாண வீடியோவைச் சித்தி அனுப்பி வைத்தார். மகள் லீவில் வந்திருந்த ஒரு சாயங்காலம் அதை டிவியில் போட்டாள். கடையைப் பூட்டிவிட்டு எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். நலங்கு, மாப்பிள்ளை அழைப்பு, எல்லாரும் சிரிக்கிறார்கள். முகூர்த்தம் வந்தது. மேடையில் பெண்ணுக்குப் பக்கத்தில் சிவப்புத் துணி போட்ட நாற்காலி ஒன்று இருந்தது. அதன் மேல் ஒரு மாலை வைத்திருந்தார்கள். யாரும் அதில் உட்காரவில்லை. சித்தியின் அண்ணன் நின்றுகொண்டே தாரை வார்த்தார். பெண் நடுவில் ஒரு தடவை திரும்பி வாசலைப் பார்த்தாள். பிறகு தாலி கட்டினார்கள்.

"இது எனக்குப் போட்ட சேரு" என்றார் மாமனார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மகள் என்ன செய்வதென்று தெரியாமல் ரிமோட்டைத் தேடினாள். "இருக்கட்டும், ஓடட்டும்" என்றார் அவர். என் கணவர் எழுந்து, கடைக்கதவு சரியாகப் பூட்டியிருக்கிறதா பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார். நான்தான் பூட்டியிருந்தேன், அவருக்கும் அது தெரியும். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.